அக்காவின் குப்பி

அத்தியாயம் 11

இருட்டறையில் அந்தக் குப்பி இன்னும் சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். கழற்றிவிட்டும் பார்த்தான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு எதிரே நிற்கிற ஆளே தெரியாது. அந்தச் சிவப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

'டாக்டர்' என்பது அக்கா வீட்டில் அவனுக்கு வைத்த பேர். வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அத்தான் ஆரம்பித்து வைத்தார். "ஊசி போடத் தெரியாது, மருந்து எழுதத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வேற. ஆனா டாக்டர்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

இந்த டாக்டரின் பிழைப்பு ஒரு சாயம். சிறுநீரில் கலந்தால் சும்மா கிடக்கும். ஆனால் சர்க்கரை நோய் ஒருவருடைய சிறுநீரகத்தில் கைவைக்கத் தொடங்கிவிட்டால், அடிபட்ட செல்கள் ஒரு நொதியைக் கசியவிடும். வழக்கமான பரிசோதனையில் புரதம் தென்படுவதற்கு வெகு முன்னாலேயே அந்தக் கசிவு ஆரம்பமாகிவிடும். நொதி பட்டதும் சாயத்தின் பூட்டு கழன்று, விளக்கடியில் சிவப்பாக ஒளிரும். புகை வருவதற்கு முன்பே தீயைக் காட்டிக்கொடுக்கிற சாயம் என்று கூட்டங்களில் டாக்டர் பெருமையாகப் பேசுவான். பேசும்போதெல்லாம் அந்தத் தீ வேறு யார் வீட்டிலோ எரிவதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நோயில்லாதவர்களின் மாதிரி ஆய்வகத்தில் எப்போதும் தட்டுப்பாடு. அங்கே வேலை செய்கிறவர்களே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். எல்லாருடைய சிறுநீரும் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்ட பிறகுதான் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பேர் ஒட்டிய இரண்டு குப்பிகளை வைத்துவிட்டு வந்தான். ஒன்று, பல வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்தும் அத்தானுக்கு. இன்னொன்று, தும்மலைத் தவிர வேறு வியாதி அறியாத அக்காவுக்கு. திங்கட்கிழமை காலை அக்காவின் மகள்தான் வாசலில் நின்று கொடுத்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'வாத்தியார்' என்று பேர். "பத்திரம் மாமா, குடும்பச் சொத்து" என்று சிரித்தாள்.

அத்தானின் குப்பி கரியாக இருண்டு கிடந்தது.

அக்காவின் குப்பி எரிந்தது.

பின்னால் கதவு திறந்தது. மேடம். ஆய்வகத்தின் தலைவி. காலடிச் சத்தமே இல்லாமல் வருகிற பழக்கம் அவருக்கு. டாக்டர் அரை அடி துள்ளினான்.

"யாரோடது அது?"

"நோயில்லாத ஆளோடது, மேடம்."

"நோயில்லாத ஆளோடது எரியாதே."

"எங்க அக்கா மேடம்."

மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"வீட்டு ஆளுங்களோடதை எடுத்துட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இதுக்குத்தான்."

"சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருப்பா மேடம். சில மாத்திரை சிறுநீரைத் தானாவே மினுங்க வைக்கும்."

"அப்போ சாயம் போடாம ஓட்டிப் பார்த்தியா?"

"பார்க்கணும்."

"பார்க்கணுமா? முதல்ல அதைத்தானே பார்த்திருக்கணும்?"

முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரிந்த வேலை. ஆனால் அந்த மாத்திரை ஒன்றுதான் அவனுக்குக் கையில் மிச்சமிருந்த நம்பிக்கை. பார்த்துவிட்டால் அதுவும் போய்விடுமே என்று காலையிலிருந்து தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

இப்போது மேடம் பார்த்துக்கொண்டிருக்க, சாயம் சேர்க்காமல் அக்காவின் மாதிரியை மட்டும் குழித்தட்டில் விட்டான். ஒளியை அளக்கும் கருவி தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு முனகியது. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ஒளி இல்லை. மாத்திரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பக்கத்துக் குழியில், சாயம் சேர்த்த அக்காவின் கோடு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போனது.

டாக்டருக்கு அத்தானின் அண்ணன் ஞாபகம் வந்தார். அவருக்கும் சர்க்கரைதான். சிறுநீரகம் கெட்டது தெரிந்தபோது கெடுவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. டயாலிசிஸ் அறையில் வீட்டில் இருந்த எல்லாரும் முறை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குழாயில் ரத்தம் போவதைப் பார்க்க முடியாமல் டாக்டர் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "கூரையில என்னடா எழுதியிருக்கு?" என்று அவரே கிண்டல் செய்வார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

"இப்போ நான் அக்காகிட்ட என்ன சொல்றது, மேடம்?"

"நோய்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது. இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கற சாயம். இது சொன்னதை வச்சு யாரையும் பயமுறுத்தக் கூடாது."

"நான்தான் பயந்து போயிருக்கேனே."

"அது வேற. ஆனா அக்காவைக் கூட்டிட்டுப் போய் வழக்கமான டெஸ்ட் எடுக்க எந்தத் தம்பிக்கும் உரிமை உண்டு. இன்னைக்கே போ. நீ இங்க இருந்தா எல்லாத்தையும் கீழே போட்டு உடைப்பே."

*

அக்கா ஒரு சலவைக் கடையின் முன்மேசையில் இருந்தாள். பின்னால் நீராவி இஸ்திரி புஸ்ஸென்று மூச்சுவிட, முன்னால் அவள் கோட்டுகளுக்குத் துண்டுச்சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். யார் சட்டையில் என்ன கறை என்று பார்த்தே அந்த ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் பொய் சொல்லப் போயிருந்தான்.

"என்னடா வேலை நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"ஏன்க்கா, நான் வந்தாலே அப்படித்தானா?"

"போன தடவை வேலை நாள்ல வந்தப்போ பர்ஸைத் தொலைச்சுட்டு வந்தே. அதுக்கு முந்தி, அந்தப் பொண்ணு வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டான்னு வந்தே. அதான் கேட்டேன்."

"எங்க ஆபீஸ்ல குடும்பத்துக்கெல்லாம் இலவசமா ரத்தப் பரிசோதனை. இன்னைக்குத்தான் கடைசி. வா, போயிட்டு வந்துடலாம்."

"எனக்கு என்ன கேடு?"

"சும்மாக்கா."

அக்கா குத்தூசியைக் கீழே வைத்தாள். "நீ சும்மான்னு சொன்னா சும்மா இல்லைன்னு அர்த்தம். என்ன விஷயம்?"

"ஆள் எண்ணிக்கை குறையுதாம். மேடம் திட்டறாங்க."

தம்பிக்குத் திட்டு விழுகிறது என்றால் அக்கா உலகத்தின் எந்த மூலைக்கும் கிளம்பிவிடுவாள். அந்தப் பலவீனம் தெரிந்துதான் சொன்னான். சொன்ன பிறகு தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

பரிசோதனை நிலையம் அடுத்த தெருவில்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் டாக்டர் ஆயிரம் தடவை செத்துப் பிழைத்தான். அக்கா முகத்தைத் துடைத்தாள். ஏன் இவ்வளவு வேர்க்கிறது? பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள், இவ்வளவு தாகமா? படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவு தளர்ச்சியா? உட்கார்ந்ததும் அவள் பாதத்தைப் பார்த்தான். செருப்பு வார் பதிந்து தடம் விழுந்திருந்தது. வீக்கமா? நாள் முழுக்க நிற்கிறவள் கால் அப்படித்தான் இருக்கும் என்று புத்தி சொன்னது. ஆனாலும் அவன் பார்வையை எடுக்கவில்லை.

"ஏன்டா என் காலையே பார்க்கறே? புதுச் செருப்பு வாங்கித் தரப் போறியா?"

"வாங்கித் தரேன்க்கா."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

சிறுநீர் கொடுத்துவிட்டு வந்த அக்காவின் முழங்கையில், ரத்தம் எடுக்கிற பெண் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி ஏறியது. குழாயில் கருஞ்சிவப்பு நிரம்பியது. டாக்டர் வழக்கம்போல் கூரையைப் பார்த்தான். கூரை மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"அவனைப் பிடிங்கம்மா, விழுந்துடுவான்," என்றாள் அக்கா, ஊசி குத்திய கையை நீட்டியபடியே. "ஊசி எனக்கு, மயக்கம் உனக்கா? டாக்டராம் டாக்டர்!"

அவன் பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா இன்னொரு கையால் அவன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நீராவியும் சோப்பும் கலந்து மணத்தது. இந்தக் கையில் குழாய் சொருகி, வாரத்துக்கு மூன்று நாள், நாற்காலியில் சாய்ந்து... அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நினைப்பை நிறுத்தினான். நின்றால்தானே.

*

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் முடிவு ஃபோனுக்கு வந்துவிட்டது.

டாக்டர் அதைக் கடையின் பின்பக்கம், தொங்கவிட்ட கோட்டுகளுக்கு நடுவில் நின்று திறந்தான். யாரோ ஒரு பெரிய மனிதரின் கோட்டுக்கை அவன் தோளில் ஆறுதலாகக் கிடந்தது.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை: சரியான அளவு. வெறும் வயிறு இல்லாமலே எடுத்த சர்க்கரை: அதுவும் சரி. சிறுநீரில் புரதம்: இல்லை.

மறுபடி படித்தான். பேரைப் பார்த்தான், வயதைப் பார்த்தான். அக்காதான். அக்காவுக்குச் சர்க்கரையே கிடையாது. சர்க்கரையே இல்லாத உடம்பில் சர்க்கரையால் கெடுகிற சிறுநீரகம் எங்கிருந்து வரும்?

அப்படியானால் பொய் சொன்னது சாயம்தான். இத்தனை வருஷ உழைப்பு குப்பையில். கூட்டங்களில் பேசிய பேச்சு, காட்டிய படங்கள், மேடத்தின் நம்பிக்கை எல்லாம் போச்சு. டாக்டருக்கு அந்தக் கோட்டைக் கட்டிப்பிடித்து ஆடவேண்டும்போல் இருந்தது. தோற்றுப் போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆராய்ச்சியாளன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

முன்மேசைக்கு ஓடினான். அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

"உனக்கு ஒண்ணும் இல்லைக்கா! இலவசமும் இல்ல, கடைசி நாளும் இல்ல, எல்லாம் பொய். உன் குப்பி என் சாயத்துல எரிஞ்சுதுக்கா. சிறுநீரகம் அடிபட்டா எரியற மாதிரி சிவப்பா எரிஞ்சுது. நான் காலையிலேர்ந்து உயிரோட இல்ல. இப்போ பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. சாயம்தான் தப்பு!"

அக்கா கையில் கிடைத்த துணி மாட்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

"பாவி! அதான் பொணத்தைப் பார்க்கற மாதிரி என் காலைப் பார்த்துக்கிட்டு வந்தியா?"

"அடி, இன்னும் ரெண்டு அடி."

"உன் சாயத்து மேல ஏன்டா பழி போடறே? என் குப்பின்னு யார் சொன்னா?"

"உன் பேர்தானே ஒட்டியிருந்துது?"

"பேர் ஒட்டியிருந்தா? திங்கட்கிழமை இஸ்திரி போடறவர் வரலைன்னு கடை திறக்க விடியறதுக்குள்ள ஓடி வந்துட்டேன். உன் குப்பி ஞாபகமே இல்ல எனக்கு. அப்புறம் ஃபோன் பண்ணிக் கேட்டா, நம்ம வாத்தியார், 'நான் பார்த்துக்கிட்டேன்மா, என்னோடதைக் கொடுத்தாச்சு'ன்னு சொல்றா. உனக்கு வேண்டியது நோயில்லாத ஆள்தானே? இருபத்தி மூணு வயசுப் பொண்ணு என்னைவிட நல்லாத்தானே இருப்பா!"

அக்கா சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகப் பேச்சும் நீண்டது. "என்ன, அவளை ஒழுங்காக் குளிக்கச் சொல்லணும். பின்கழுத்தெல்லாம் கறுத்துக் கிடக்கு. தேய்ச்சுக் குளிடின்னா, தேய்ச்சாலும் போகலைங்கறா. கார்ல போறப்போ நாலு தெருவுக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடறாளாம். கத்துக்க வர்றவங்க சிரிக்கறாங்களாம். அவ்வளவு தண்ணி எதுக்குக் குடிக்கணும்?"

டாக்டர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

தேய்த்தாலும் போகாத கறுப்பு. அதற்கு அழுக்கு காரணமில்லை என்பது அவனுக்குத் தெரியும். உடம்பு சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் திணறும்போது பின்கழுத்தில் எழுதிவைக்கிற சேதி அது.

சாயம் பொய் சொல்லவில்லை. குப்பியில் ஒட்டிய பேர்தான் பொய்.

"ஏன்டா?" அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே?"

"ஒண்ணுமில்லைக்கா."

"டேய்."

"நான் அப்புறம் ஃபோன் பண்றேன்."

"டேய், நில்லுடா! என் பொண்ணுக்கு என்ன?"

வாசல் மணி அடித்துக்கொண்டு கதவு மூடியது. ஒரு ஆண்பிள்ளை இப்படி ஓடக்கூடாதுதான். ஆனால் நின்று பதில் சொல்கிற தைரியம் அவனுக்கு இருந்ததே இல்லை.

*

பயிற்சிப் பள்ளியின் கார் ஒரு நீளமான, மரங்கள் நட்ட தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஊர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தில் நடந்துபோன ஒரு கிழவி அதை முந்திக்கொண்டு போனாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஸ்டீயரிங்கைக் கிணற்றுக்கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்து இருக்கையில் வாத்தியார். அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக்.

டாக்டர் நடுத்தெருவில் கையை ஆட்டினான். கார் உதறிக்கொண்டு நின்றது.

"மாமா! கத்துக்க வந்தியா? உன்னையெல்லாம் ரோட்டுல விட்டா எனக்கு வேலை போயிடும்."

"ஒரு நிமிஷம் பேசணும்."

"ஏறு. சாருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கு."

அவன் பின்னால் ஏறிக்கொண்டான். முன்னால் அவள் பின்னலைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்து தெரிந்தது. கறுப்பு வெல்வெட் பட்டை கட்டியதுபோல் ஒரு தடம். எத்தனை தடவை இந்தக் கழுத்தைப் பார்த்திருப்பான்! சின்ன வயதில் உப்பு மூட்டை தூக்கித் திரிந்தது முதல் பார்த்தவன். ஆயிரம் ஆட்களின் சிறுநீரை அளந்த கண்ணுக்கு வீட்டுப் பெண்ணின் கழுத்து தெரியவில்லை.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க சார். மெதுவா... அப்படித்தான். பயப்படாதீங்க, பிரேக் என்கிட்டயும் இருக்கு."

கார் நகர்ந்தது. டாக்டர் வாயைத் திறந்தான், மூடினான். மேடம் சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் கோத்துப் பார்த்தான். இது ஆராய்ச்சிதான், நோய் என்று சொல்வதற்கில்லை, ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம். சுலபமான வாக்கியம்.

வாத்தியார் திரும்பவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"எரிஞ்சுதா மாமா?"

அவன் இருக்கையின் நுனிக்கு வந்தான்.

"நீ... உனக்கு எப்படி..."

"திங்கட்கிழமையிலேர்ந்து உன் ஃபோனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இண்டிகேட்டர் சார், அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." அவள் குரல் பாடம் நடத்துகிற அதே குரலாக இருந்தது. "பெரியப்பா போனதுக்கு அடுத்த மாசம், ஒரு மருந்துக்கடையில சும்மா விரல்ல குத்திப் பார்த்தேன். அங்கே இருந்தவர் சர்க்கரை அளவைப் பார்த்து, மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேற மெஷின்ல குத்திப் பார்த்தார். அதுவும் அதையே சொல்லுச்சு."

"அப்பவே ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்ட? அம்மாகிட்டயா? அப்பா தட்டுல ஒரு கை சோறு அதிகமா விழுந்தா அவ பார்க்கற பார்வை தெரியும்ல? அந்தப் பார்வையை என்மேல வாங்கிக்கிட்டு என்னால இருக்க முடியாது. பெரியப்பா பக்கத்துல நானும்தான் மாமா உட்கார்ந்தேன். நீ கூரையைப் பார்த்தே. நான் குழாயைப் பார்த்தேன்."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "நேரா போகட்டுங்களா?"

"நேரா போங்க சார்." அவள் மறுபடி கண்ணாடியில் டாக்டரைப் பார்த்தாள். "அந்தக் குப்பியில அம்மா பேரைப் பார்த்ததும் தோணுச்சு. என் பேர்ல இல்லையே. எரியலைன்னா, எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும், பேசாம இருந்துடலாம். எரிஞ்சா நீ ஓடி வருவே. நீ பயந்தாங்கொள்ளி. உன்னால வராம இருக்க முடியாது."

டாக்டர் முன் இருக்கையின் தலைப்பகுதியைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய ஃபோன் சட்டைப்பையில் அடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது.

"இன்னும் நீ பதில் சொல்லலை," என்றாள் வாத்தியார். குரல் முதல்முறையாகக் கொஞ்சம் கரகரத்தது. "இங்க வந்து உட்கார்ந்திருக்கே. ஆனா அது சும்மா என்னைப் பார்க்கறதுக்காகவும் இருக்கலாம் இல்லையா? சொல்லு மாமா. எரிஞ்சுதா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. பெரிய கணம்தான். அதில் ஒரு பொய்யைத் தாராளமாக உட்கார வைக்கலாம்.

"எரிஞ்சுது," என்றான். "ஆனா கேளு, இது ஆராய்ச்சிதான், முறையா டெஸ்ட் எடுக்கணும். அப்புறம்... இவ்வளவு முன்னாடி தெரிஞ்சா நிறுத்தி வைக்கலாம்டி. பெரியப்பாவுக்கு இந்த நேரம் கிடைக்கலை. உனக்குக் கிடைச்சிருக்கு. அதுக்குத்தான் இந்தச் சாயத்தையே..."

கூட்டங்களில் எத்தனையோ தடவை கணீரென்று சொன்ன வாக்கியம். இங்கே பாதியில் உடைந்துபோனது.

கார் சடக்கென்று நின்றது. டாக்டரின் மூக்கு முன் இருக்கையில் மோதியது.

"நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா!" என்று அலறினார் பெரியவர், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்கியபடி. "கிளட்ச்கூட மெதுவாத்தானே விட்டேன்?"

"நீங்க சரியாத்தான் ஓட்டினீங்க சார்," என்றாள் வாத்தியார்.

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டாக்டரின் சட்டைப்பையில் அக்கா விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வாத்தியார் நேரே தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரேக்கை மிதித்திருந்த அவள் கால் வெடவெடவென்று நடுங்கியது. அதை எடுக்கத்தான் அவளால் முடியவில்லை.